சயாமிலிருந்து வந்த வசனம்

முன்னறையில் ஓர் ஆண் அழும் சத்தம் கேட்டது.

சமையல்கட்டில் மரவள்ளிக்கிழங்கு மாவைத் துணியில் பிழிந்துகொண்டிருந்த பூங்காவனம் கையை நிறுத்திக் காது கொடுத்தாள். இரண்டு விம்மல், ஒரு நீண்ட இழுப்பு, மறுபடி இரண்டு விம்மல். இழுப்புக்குப் பிறகு மூச்சு வாங்கிக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டான்.

"மூக்கால அழறான். தொண்டையில ஒண்ணும் இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி பிழியத் தொடங்கினாள்.

கல் நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பான்காரன் வந்து மூன்று வருஷம் முடிந்திருந்தது. மலாக்காவின் காஜா பேராங் தெருவில் எந்த வீட்டில் அழுகை கேட்டாலும் யாரும் பதறி ஓடுவதில்லை. முறை வைத்தாற்போல எல்லா வீட்டிலும் கேட்டது. அந்த முன்னறை வேறு அவளுடையது மட்டுமல்ல. பாதி வீட்டில் அவளும் மறு பாதியில் அஞ்சலை குடும்பமும் குடியிருந்தார்கள். அஞ்சலையைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் அழத்தான் வருவார்கள்.

ஆனால் அஞ்சலை சமையல்கட்டுக்குள் ஓடிவந்தபோது அவள் முகமே வேறாக இருந்தது.

"அக்கா! சயாமிலேருந்து ஒரு ஆளு வந்திருக்கு. கருணாகரன் அண்ணன் பேரச் சொல்லித்தான் அழுவுது."

கதைகளில் இந்த இடத்தில் பாத்திரம் கைநழுவி விழும். பூங்காவனம் மாவுச்சட்டியைத் தட்டுப் போட்டு மூடினாள். வீட்டில் எலி இருந்தது. முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கருணாகரன் அவள் புருஷன். பெண்டஹாரா ரோட்டுத் துணிக்கடை ஒன்றில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பவன். சத்தம் போட்டுப் பேசாத மனிதன். பூங்காவனமோ படம் பார்க்கிறவள். அதை ஒரு தொழில் என்று சொல்ல முடியுமானால், யுத்தத்துக்கு முன் மலாக்காவில் அந்தத் தொழிலில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மதராசிலிருந்து வரும் ஒவ்வொரு பேசும் படத்தையும் முதல் நாளே பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பாள். அழவேண்டிய இடத்தில் எல்லோருக்கும் முன்னால் அழுவாள். முந்தானையில் இரண்டு தடவை மூக்கைச் சிந்துவாள். சிந்தி முடித்ததும் திட்ட ஆரம்பிப்பாள்.

"மயக்கம் வந்து விழுறவ சேலையச் சரி பண்ணிட்டா விழுவா? நடிப்பு சரியில்ல."

"அவன் அரை மணி நேரம் பேசி முடிக்கிற வரைக்கும் எமன் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தானா? எழுத்து சரியில்ல."

இந்தத் தீர்ப்புகளைத் தெரிந்துகொண்டுதான் புக்கிட் பாருவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் படத்துக்கு வந்தார்கள். எழுத்து சரியில்லை என்று அவள் சொன்ன படத்துக்குக் கூட்டம் அதிகம். அதில் நன்றாக அழலாம் என்று அர்த்தம்.

கருணாகரன் ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவான். மூன்றாவது ரீல் ஆரம்பிக்கும்போது அவன் குறட்டையும் ஆரம்பிக்கும். வீட்டுக்கு நடந்து வரும்போது முழுக் கதையையும் அவள் ஒரு காட்சி விடாமல் அவனுக்குச் சொல்லுவாள், நடித்துக் காட்டுவாள், திட்டுவாள். அவன் "ம்" என்பான். பத்து வருஷம் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையில் பாதி இந்த "ம்"தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் ஒலிபெருக்கி வைத்த லாரி தெருத்தெருவாக வந்தது. இன்று இந்தியப் படம், எல்லோருக்கும் இலவசம். ஒரு வருஷமாகத் தமிழ்ப் படமே பார்க்காத பூங்காவனத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "நீங்க முன்னால போய் எடம் புடிங்க. மாவப் பிழிஞ்சிட்டு வந்திடறேன்" என்றாள். அவன் "ம்" என்று போனான். அவள் போய்ச் சேர்ந்தபோது கொட்டகைக் கதவுகள் வெளியிலிருந்து பூட்டியிருந்தன. உள்ளே இருந்த ஆண்கள் அத்தனை பேரையும் லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கக்கூஸ் ஜன்னல் வழியாகத் தப்பி வந்த ஒருவன் சொன்னான்: சிப்பாய் தோளைப் பிடித்து உலுக்கியதும் கருணாகரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டானாம்.

ஊர் அதைச் சொல்லிச் சிரித்தது, பிறகு அழுதது. பூங்காவனம் இரண்டும் செய்யவில்லை. எடம் பிடிக்கச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் முகம் கழுவிக் குங்குமத்தை மட்டும் பெரிதாக வைத்துக்கொள்வாள். குங்குமம் கிடைக்காமல் போனபோது செங்கல்லைத் தேய்த்து வைத்துக்கொண்டாள். அவன் இருக்கிறான் என்று யாராவது சொல்லவேண்டும். இல்லை என்று சொன்னால், சொல்கிறவன் பொய்யனாக இருக்கவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

முன்னறையில் கோணிச்சாக்கில் தைத்த கால்சட்டையும் கணுக்காலில் பெரிய புண்ணுமாக ஓர் ஆள் தரையில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கலாம். பேர் அப்பாசாமி, பேராக்கில் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆள், கூட இருந்தவர்களின் வீடுகளுக்குச் சேதி சொல்லிக்கொண்டே மூவாரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு நடந்து போகிறான். இவ்வளவையும் அதற்குள் அஞ்சலை கேட்டு வாங்கிவிட்டாள்.

பூங்காவனம் எதிரே உட்கார்ந்தாள். அவன் அவளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"அம்மா! அந்தக் கொடுமைய என் வாயால எப்பிடிச் சொல்லுவேன்! ஆத்தங்கரையில, மூங்கில் காட்டுல, என் மடியிலதாம்மா தலைய வெச்சாரு. 'தம்பி, என் பூங்காவனத்துக்குச் சொல்லு. நான் உடம்பாலதான் சாகுறேன், உள்ளத்தால சாகல'ன்னாரு."

"ஐயோ அண்ணே!" என்று அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"'அவ கண்ணுல தண்ணி வந்தா என் ஆத்மா நனைஞ்சுபோகும்'னாரும்மா!"

அஞ்சலை விம்மி விம்மி அழுதாள். பூங்காவனம் அழவில்லை. அவள் முதுகு நிமிர்ந்தது. இரண்டு வருஷமாக இல்லாத ஒரு தெளிவு முகத்தில் வந்தது.

"என்ன நோவு அவருக்கு?"

"வாந்தி பேதிம்மா. மூணு நாளு."

"மூணு நாள் வாந்தி பேதியில கெடந்த மனுசன், 'ஆத்மா நனைஞ்சுபோகும்'னாரா?"

"ஆமாம்மா."

"எழுத்து சரியில்ல" என்றாள் பூங்காவனம்.

அப்பாசாமி சட்டென்று தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன்போல வாய் திறந்தது. மறுபடி மூடிக்கொண்டது.

"அக்கா, ஒனக்குப் பைத்தியமா? எவ்ளோ உருக்கமாச் சொல்றாரு!" என்று அஞ்சலை சீறினாள். "நீங்க சொல்லுங்க அண்ணே. கடைசியா என்ன சொன்னாரு?"

அப்பாசாமி புண் காலை நீட்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆரம்பித்துவிட்டதை முடித்துத்தான் ஆகவேண்டும் என்பதுபோல ஒரு கையை நெஞ்சிலும் மறு கையை ஆகாயத்திலும் வைத்தான்.

"கடைசியா என் கையப் புடிச்சுக்கிட்டு, 'சாயாங்! பொழுது என்னைத் தேடாதே! உதிக்கும் பொழுது தேடு!'ன்னாரு. தலை சாஞ்சிடுச்சும்மா."

"சாயும்" என்றாள் பூங்காவனம்.

"என்னம்மா?"

"சாயாங் இல்ல. 'சாயும் பொழுது என்னைத் தேடாதே.' சாயும்!"

"சாயாங்தான்!" என்றாள் அஞ்சலை, கண்ணீரைத் துடைத்துக்கொண்டே.

இந்தச் சண்டைக்கு வயது ஆறு. யுத்தத்துக்கு முன் வந்த ஒரு ராஜா கதைப் படத்தில் சிறையில் சாகும் இளவரசன் பேசுகிற வசனம் அது. மலாக்காவில் அந்தப் படம் ஓடியபோது நல்ல மழைக்காலம், கொட்டகைக்குத் தகரக் கூரை. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய காஜா பேராங் செட்டிக் குடும்பத்துப் பெண்கள் முன் பெஞ்சில் இருந்தார்கள். பேர் எல்லாம் தமிழ்ப் பேர், சாமியும் நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். படத்தில் ஒரு சொல் புரியாமல் இரண்டு மணி நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, மழைச் சத்தத்துக்கு நடுவே அந்த ஒரு சொல் மட்டும் பளிச்சென்று கேட்டது. மலாயில் காதலியைக் கூப்பிடுகிற அதே "சாயாங்"! பூங்காவனத்தின் வீட்டுக்காரம்மா பாக்கியலட்சுமி பிபி எழுந்து நின்றே கத்தினார்: "டியா சாக்காப் சாயாங்!" அவன் சாயாங் என்கிறான்! முன் பெஞ்சு முழுக்க ஓவென்று அழுதது. மதராஸ்காரன் நம் ஊருக்காக மரியாதை செய்து ஒரு மலாய் வார்த்தை எழுதியிருக்கிறான் என்று அதற்குப் பிறகு காஜா பேராங் முழுக்கப் பேச்சு. பூங்காவனம் பாட்டுப் புத்தகம் வாங்கிவந்து, கதைச் சுருக்கத்தின் கடைசி வரியை விரல் வைத்துக் காட்டினாள். "சாயும்" என்று அச்சில் இருந்தது. அச்சுப் பிழை என்று சொல்லிவிட்டார்கள்.

"புஸ்தகத்துல இருந்துச்சு, அஞ்சலை!"

"புஸ்தகம் அடிச்சவன் படம் பாத்தானா? பிபி காதால கேட்டாங்க!"

"பிபிக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாததாலதான் சரியா கேட்டாங்க!"

செத்தவனைப் பற்றிச் சொல்ல வந்தவன் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் பூங்காவனம் சிரித்தாள்.

"ஏய் அஞ்சலை, என்ன பேசிட்டிருக்கோம்? இது படத்து வசனம்டி. சாகுற மனுசன் படத்து வசனமா பேசுவாரு? அதுவும் எம் புருசன்! அந்தக் காட்சி வரும்போது அவரு கொறட்டை விட்டதுல முன் பெஞ்சு திரும்பிப் பாத்துச்சே! தம்பி, நீ பொய் சொல்றே."

அஞ்சலையின் அழுகை பாதியில் நின்றது. அவள் அப்பாசாமியைப் பார்த்தாள்.

"ஆமாண்ணே. இது படத்துல வருது."

அப்பாசாமி தலையைக் குனிந்துகொண்டான். "எல்லா வீட்லயும் இதத்தாம்மா சொன்னேன்" என்றான் மெதுவாக.

பூங்காவனத்துக்கு எழுந்து ஆடவேண்டும் போலிருந்தது. பொய்! ஒத்துக்கொண்டுவிட்டான்! கிழங்கு அவித்துக் கொடுத்து, தேங்காய் இருந்தால் அதையும் கீறிக் கொடுத்து, இந்தப் பொய்யனை வயிறு நிறைய அனுப்பவேண்டும். வாழ்க்கையில் இவ்வளவு மோசமான நடிப்பைப் பார்த்து அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"போகட்டும். பசிக்குத்தானே சொன்னே" என்றாள் கனிவாக. "எந்தக் கொட்டகையில பாத்தே அந்தப் படத்த? ஈப்போவிலயா?"

"நான் படமே பாத்ததில்லம்மா. தோட்டத்துல ஒருக்கா வெள்ளத் துணி கட்டுனாங்க. மழ வந்து நின்னுபோச்சு."

"அப்ப இந்த வசனம்?"

"காதால கேட்டதுதான்."

"சாயாங்னா கேட்டே?"

"ஆமாம்மா. சாயாங்னுதான் சொல்லுவாரு."

பூங்காவனத்தின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. எடுத்துவைக்க மறந்துபோனதுபோல இருந்தது. அந்தப் படம் ஈப்போவில் ஓடியிருக்கும், பினாங்கில் ஓடியிருக்கும். அங்கெல்லாம் இளவரசன் "சாயும்" என்றுதான் சொல்லிச் செத்திருப்பான். "சாயாங்" என்று சொல்லிச் சாகிற இளவரசன் உலகத்தில் காஜா பேராங்கில் மட்டும்தான் உண்டு.

"யாரு சொல்லுவாரு?" என்று கேட்டாள்.

"கருணாகரன் அண்ணன்தான்."

அஞ்சலை பூங்காவனத்தின் தோளைத் தொடப் போனாள், தொடவில்லை.

அப்பாசாமி பேசினான். இந்தத் தடவை கையை ஆட்டவில்லை. கணுக்கால் புண்ணில் உட்கார வந்த ஈயை விரட்டிக்கொண்டே பேசினான்.

"பொய்தான், அண்ணி. மொத வீடு தம்பின் ஊருல. அங்க நெசத்தச் சொன்னேன். அந்த வீட்டு ஆளு காலையில பாத்தப்ப போயிருந்தாரு, ஒண்ணும் பேசலன்னேன். அந்த அம்மா என் சட்டையப் புடிச்சுக்கிட்டு விடல. 'ஒரு வார்த்த கூடவா சொல்லியிருக்க மாட்டான், நீ மறைக்கிற'ன்னு அடிச்சாங்க. எனக்குத் தெரிஞ்ச நல்ல வார்த்த அது ஒண்ணுதான். அதச் சொன்னேன், விட்டாங்க. அப்புறம் எல்லா வீட்லயும் அதையே சொல்லிட்டு வரேன். சொல்லச் சொல்லக் கொஞ்சம் கூட்டிக்கிட்டேன்."

"அவரு எதுக்கு ஒங்கிட்ட அந்த வசனத்தச் சொன்னாரு?"

"எங்கிட்ட மட்டுமா? கூடாரத்துல எல்லாருக்கும் சொல்லுவாரு. வேல முடிஞ்சு வந்தா அண்ணன் கத சொல்லணும், இல்லேன்னா ஒருத்தனும் படுக்க மாட்டான். எல்லாம் படத்துக் கததான். ராஜா செத்தான்னா, 'சாகக் கூடாது, மாத்து'ன்னு சண்ட போடுவோம். மறுநாளு மாத்திச் சொல்லுவாரு."

"அவரு தூங்குவாரே! ஒரு படம் முழுசா பாத்ததில்லையே!"

"அது எனக்குத் தெரியாது, அண்ணி. ஆனா வெறும் கதையோட நிக்க மாட்டாரு. அழுவுற எடம் வந்தா துண்ட எடுத்து ரெண்டு தடவ மூக்கச் சிந்திட்டு, 'எழுத்து சரியில்ல'ம்பாரு. அப்பத்தான் எல்லாரும் சிரிப்போம். எங்கள்ல பாதிப் பேரு கதைக்காகக் கேக்கல, அந்த மூக்குச் சிந்துறதுக்குத்தான் கேட்டோம். யாரப் பாத்துச் செய்யுறாருன்னு எங்களுக்குத் தெரியாது. கொஞ்சம் முன்னால நீங்க அதச் சொன்னீங்களே, எனக்குக் கை கால் ஓடல."

வீட்டுக்கு நடந்து வந்த வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டு வந்ததை அவன் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறான். கேட்டதோடு நிற்காமல், அதை அப்படியே நூறு ஆண்களுக்கு நடித்தும் காட்டியிருக்கிறான். நன்றாகத்தான் நடித்திருக்கவேண்டும்.

"எப்பிடிப் போனாரு?" என்றாள் பூங்காவனம்.

"வாந்தி பேதி வந்தவங்களத் தனிக் கொட்டாயில போடுவாங்க. நாங்க வேலைக்குப் போயிட்டோம். திரும்பி வந்தப்ப சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாரு. கூப்பிட்டேன். தொட்டேன். அவ்ளோதான், அண்ணி. பக்கத்துல யாரும் இல்ல. என் மடியில எல்லாம் இல்ல."

அவள் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அவன் சொன்னதில் ஒரு வார்த்தை கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. எந்தப் படத்திலும் இப்படி ஒரு சாவை எவனும் எழுதியதில்லை. எழுதினால் யாரும் பார்க்க வரமாட்டார்கள்.

"என்னிக்கு?"

"நாளு தெரியல. மழ விட்டு நாலஞ்சு வாரம் இருக்கும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம்."

அந்தக் கணக்கில் ஒரு வருஷத்துக்கு மேல் அவள் செங்கல் தேய்த்து வைத்திருக்கிறாள். கை நெற்றிப் பக்கம் போயிற்று, பாதியில் இறங்கிற்று.

வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. சயாமிலிருந்து ஆள் வந்திருக்கிறான் என்ற சேதி வரிசை வீடுகளில் பரவிவிட்டது. ஜன்னல் கம்பிக்கு வெளியே பாக்கியலட்சுமி பிபியின் முகம் தெரிந்தது. "அப்பா ஹால், பூங்கா?" என்று மலாயில் விஷயத்தைக் கேட்டார். பதில் வராததால், தமிழ்ப் படம் பார்க்கிற அதே பொறுமையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பாசாமி எழ முயன்றான். கால் ஒத்துழைக்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தான்.

"அண்ணி, அடுத்தது புக்கிட் பாரு. ராஜரத்தினம்னு ஒருத்தரு, அவரு சம்சாரம் சிவகாமி. அங்க என்ன சொல்றது?"

"அவருக்கு என்ன ஆச்சு, நெசமா?"

"பாலத்து மரம் சரிஞ்சு மேல விழுந்துச்சு. ஒடனே போயிட்டாரு."

"அதச் சொல்லு."

"ஒரு வார்த்த கேப்பாங்களே, அண்ணி. சட்டையப் புடிச்சுக்குவாங்க."

பூங்காவனம் யோசித்தாள். பத்து வருஷம் மற்றவர்கள் எழுதியதைத் திட்டியவளிடம், எழுதிக் கொடு என்று யாரும் கேட்டதில்லை. ஆத்மா, உள்ளம், கண்ணீர் என்று அவளுக்குப் பிடித்த வார்த்தைகள் எத்தனையோ வரிசையாக வந்து நின்றிருக்கும். அவளே அழுது தீர்த்த வார்த்தைகள் அவை. ஒன்றையும் அவள் தொடவில்லை.

"அன்னிக்குக் காலையில, ஊருல சோறு கெடைக்குதோ என்னமோன்னு கேட்டாருன்னு சொல்லு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். மடியெல்லாம் வேண்டாம். நீ அழாதே. நீ அழுதா அந்தப் பொண்ணு ஒன்னப் பாத்துக்கிட்டு நிக்கும்."

"இதுக்கு அழுவாங்களா, அண்ணி?"

"அழுவா" என்றாள் பூங்காவனம்.

உள்ளே போய், காலையில் அவித்த கிழங்கு நாலு துண்டை வாழையிலையில் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். உதட்டை அசைத்துப் பார்த்தான், புதிய வசனத்தை மனப்பாடம் செய்கிறான் போலும். சோறு கெடைக்குதோ என்னமோ. சோறு கெடைக்குதோ என்னமோ.

படியிறங்கி அவன் நொண்டி நொண்டித் தெருவில் நடந்தான். வாசலில் பத்துப் பதினைந்து பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆனால் அவனை யாரும் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் வாசல்படியில் நின்ற பூங்காவனத்தின் மேல் இருந்தது. காஜா பேராங்கிலேயே நன்றாக அழத் தெரிந்தவள். இத்தனை வருஷம் அடுத்தவன் கதைக்கே அப்படி அழுதவள், இப்போது எப்படி அழப்போகிறாள்? முன்னால் நின்ற இரண்டு பெண்கள் முந்தானையைக் கையில் தயாராகப் பிடித்திருந்தார்கள். பின்னால் நின்ற ஒருத்தி நன்றாகத் தெரியவேண்டும் என்று கல்லின்மேல் ஏறி நின்றாள்.

"அக்கா, நான் ஒங்கூட இருக்கட்டுமா?" என்றாள் அஞ்சலை.

"நீயும் செத்த நேரம் வெளிய இரு" என்றாள் பூங்காவனம்.

அஞ்சலை இறங்கினாள். பட்டப்பகலில், அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பூங்காவனம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.